பிளாட்டுக்கு கேஸ் சென்ட்ரல் ஹீட்டிங்: 3,200 பவுண்டா, 7,800 பவுண்டா?

கேள்வி: நாங்கள் தெற்கு லண்டனில், கிராய்டனில் இருக்கிறோம். நான் நர்ஸ், கணவர் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். போன வருடம் பழைய கவுன்சில் பிளாட் ஒன்றை லீஸில் வாங்கினோம். நான்கு மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம். ஹாலில் ஒன்று, பெட்ரூம்களில் இரண்டு என்று மொத்தம் மூன்று மின்சார ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் (இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடுபவை). அதில் பெட்ரூம் ஹீட்டர்கள் இரண்டும் சூடாவதே இல்லை. ப்ளக்கில் மாட்டும் ஆயில் ஹீட்டரை வைத்துக் காலம் தள்ளுகிறோம். ஜனவரி மின்சார பில் மட்டும் 310 பவுண்டு. நான்கு வயது மகனுக்கு இருமல் நிற்கவில்லை, அவன் படுக்கும் அறையின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. மேல் வீட்டில் கேஸ் இருக்கிறது. எங்கள் சமையலறை அலமாரிக்குள்ளும் மூடி போட்ட பைப் ஒன்று நிற்கிறது. கேஸ் சென்ட்ரல் ஹீட்டிங் போட எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் போனிலேயே 3,200 பவுண்டு என்றார், பாதியை ரொக்கமாக முன்பணம் கேட்கிறார். இன்னொருவர் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு 7,800 என்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவு வித்தியாசம் எதனால்? போட்ட பணம் திரும்ப வருமா? ஈஸ்ட் ஹாம் பக்கம், பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய உயர்ந்த கட்டிடத்தில் பதினான்காவது மாடியில் இருக்கும் என் தங்கைக்கும் இதே யோசனை இருக்கிறது. அங்கே யாருக்குமே கேஸ் இல்லை. பில், படங்கள், இரண்டாமவர் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். விலை வித்தியாசத்துக்கான காரணம் அந்தப் படங்களிலேயே இருக்கிறது. உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பி கட்டிய நீண்ட நடைபாதை தெரிகிறதே, அதுதான்.

பாய்லர் என்றால் அதற்குப் புகைக்குழாய் வேண்டும். நாங்கள் ஃப்ளூ என்று சொல்வோம். அது வெளிச்சுவரைத் துளைத்து வெளியே தலைநீட்ட வேண்டும். குளிர்காலக் காலையில் வீடுகளின் சுவரிலிருந்து வெள்ளையாக ஆவி வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கட்டிடத்தில் சமையலறைச் சுவருக்கு வெளியே எல்லா வீட்டாரும் நடக்கும் பொதுப் பாதை. தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர்கள், பக்கத்து வீட்டுக் கதவு, அவர்கள் திறந்து வைக்கும் ஜன்னல் எல்லாம் அங்கேதான். சாதாரண ஃப்ளூவின் வாய் திறக்கக்கூடிய எந்த ஜன்னலிலிருந்தும் குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அது உங்கள் ஜன்னலோ அடுத்த வீட்டு ஜன்னலோ. அந்த அளவு கிடைத்தாலும், ஆட்கள் நடக்கும் இடத்தில் முகத்துக்கு நேராக ஆவி அடித்தால் கட்டிடத்தின் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கு அது கவுன்சில். அநேகமாக மறுத்துவிடுவார்கள்.

போனில் 3,200 சொன்னவர் இதைப் பார்க்கவே இல்லை. சமையலறையில் பாய்லர், பக்கத்திலேயே துளை, பக்கத்திலேயே கேஸ் பைப் என்று மனதுக்குள் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறார். இரண்டாமவரின் தாளைப் பாருங்கள். பாய்லரை அவர் பின்பக்கப் பெரிய பெட்ரூமின் அலமாரிக்குள் வைத்திருக்கிறார். ஃப்ளூ பின்சுவர் வழியாகத் திறந்த வெளிக்குப் போகிறது. அதற்காக மீட்டரிலிருந்து வீட்டின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை கேஸ் பைப் இழுக்கிறார், அதுவும் 28 மில்லிமீட்டர் பைப். சாதாரணமாக 22 போதுமே, ஏன் 28 என்று நீங்கள் கேட்கலாம். மீட்டரிலிருந்து பாய்லர் போய்ச் சேர்வதற்குள் கேஸின் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. பைப் நீளமாக ஆக, வளைவுகள் கூடக் கூட, அழுத்தம் குறையும். அதனால் பைப்பைப் பெரிதாக்கியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் அந்த எண்ணை எழுதுவார். படுக்கையறையில் பாய்லரா என்று பயப்பட வேண்டாம். இப்போது வருகிற பாய்லர்கள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியே விடுபவை. அறையின் காற்றை அவை தொடுவதில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. உங்கள் மாதிரியே நடைபாதை வைத்த கட்டிடம். மலிவாக ஒருவரைப் பிடித்து, அனுமதி கேட்காமல் நடைபாதைப் பக்கம் துளை போட்டு பாய்லர் மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் கட்டிடச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம்: கழற்று, சுவரைப் பழையபடி அடை. வேலை செய்தவர் போனை எடுக்கவில்லை. நான் போனபோது புது பாய்லர் அணைந்து கிடந்தது, அதன் பக்கத்தில் ப்ளக்கில் ஆயில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

ஆகவே பாய்லர் என்ன விலை என்பதைக் கடைசியில் பேசலாம். அதற்கு முன் இரண்டு பதில்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவை வரும்வரை யாருக்கும் ஒரு பென்னி முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்று, கேஸ் உண்மையிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறதா? அலமாரிக்குள் மூடி போட்ட பைப் நிற்பதை மட்டும் வைத்து வருகிறது என்று சொல்ல முடியாது. முன்பு இருந்தவர்கள் மீட்டரை மட்டும் எடுத்திருக்கலாம். அல்லது கீழே பிரதான குழாயிலேயே உங்கள் இணைப்பை வெட்டியிருக்கலாம். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கேஸ் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் எம்.பி.ஆர்.என். என்று ஒரு எண் உண்டு. ஃபைண்ட் மை சப்ளையர் என்ற இணையச் சேவையில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள், காசு எதுவும் கிடையாது. எண் இருந்து, இணைப்பும் உயிரோடு இருந்தால், மின்சாரம் வாங்குகிற கம்பெனியிடமே கேஸ் மீட்டர் பொருத்தச் சொல்லலாம். எண் இல்லை, அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றால், தெற்கு லண்டனின் கேஸ் குழாய்கள் எஸ்.ஜி.என். நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, அவர்களிடம் புது இணைப்புக்கு எழுத்தில் விலை கேட்க வேண்டும். மாடி வீட்டுக்குப் புதிதாக மேலே குழாய் ஏற்றுவதென்றால் அது மட்டுமே ஆயிரக்கணக்கில் போகும். அப்படி வந்தால் என் பதிலே மாறிவிடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மூடியை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. உங்கள் கணவர் கைவேலை தெரிந்தவராக இருந்தாலும் சரி, ஸ்பேனரைக் கொண்டு அங்கே போக வேண்டாம்.

இரண்டாவது, கவுன்சிலின் அனுமதி. நீங்கள் வாங்கியது லீஸ். சுவரின் உட்பூச்சு உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் கவுன்சிலுடையவை. வெளிச்சுவரில் துளை போட அவர்களுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். லீஸ்தாரர்களைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுதுங்கள். பாய்லர் எந்தச் சுவரில், ஃப்ளூ எங்கே, பாய்லரிலிருந்து சொட்டும் நீர் எந்தக் குழாயில் சேரும் என்று ஒரு சின்ன வரைபடம் இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். அந்தப் படத்தை இரண்டாமவரிடமே கேளுங்கள். இதற்குக் கட்டணம் இருக்கும், சில நூறு பவுண்டு எடுத்து வையுங்கள். அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அடுத்த சில வருடங்களில் இந்தக் கட்டிடத்துக்கு வெளிச்சுவர் இன்சுலேஷனோ, கட்டிடம் முழுவதற்கும் பொதுவான ஹீட்டிங்கோ போடும் திட்டம் இருக்கிறதா? இருந்தால் அதில் உங்கள் பங்குக்கும் பில் வரும். இன்று ஆறாயிரம் போட்டு பாய்லர் மாட்டி, இரண்டு வருடத்தில் அதற்கும் ஒரு பில் கட்டுவது கொடுமை.

சரி, இப்போது விலைக்கு வருவோம். கேஸ் இணைப்பு உயிரோடு இருக்கிறது, கவுன்சில் பின்சுவருக்குச் சம்மதித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, இன்று லண்டனில் நான் விலை போடும் முறைப்படி சொல்கிறேன். நல்ல பெயருள்ள காம்பி பாய்லர் (வீட்டுச் சூட்டோடு, சிலிண்டர் இல்லாமலே வெந்நீரும் தருவது), ஃப்ளூ, துருவைப் பிடிக்கும் காந்த ஃபில்டர், தெர்மோஸ்டாட் சேர்த்து 1,300 முதல் 1,800. ஹாலுக்கு ஒன்று, பெட்ரூம்களுக்கு இரண்டு, நடைக்கு ஒன்று, குளியலறைக்கு டவல் காயப்போடும் ஒன்று என ஐந்து ரேடியேட்டர்கள், வால்வுகளோடு 500 முதல் 800. பைப், இணைப்புகள், துருப்பிடிக்காமல் ரேடியேட்டர் நீரில் கலக்கும் மருந்து, பைப்பை மறைக்கும் பெட்டிகள் 300 முதல் 500. இரண்டு பேர் மூன்று நான்கு நாள் செய்யும் கூலி 2,000 முதல் 2,800. எலெக்ட்ரீஷியனுக்கு நூறோ இருநூறோ. பழைய வெந்நீர் சிலிண்டரையும் ஸ்டோரேஜ் ஹீட்டர்களையும் கழற்றி இறக்க 200 முதல் 400. ஸ்டோரேஜ் ஹீட்டருக்குள் இருப்பது அடுக்கடுக்காகச் செங்கல், ஒரு பெரிய ஹீட்டர் நூறு கிலோவுக்கு மேல் வரும். உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. கடைசியாக ஓட்டை அடைத்து பூச்சு, பெயின்ட் செய்ய 300 முதல் 600. கூட்டினால் 4,700-இலிருந்து 7,100 வரை வருகிறது. உங்கள் வீட்டுக்கு நான் 6,000 என்று மனதில் வைத்துக்கொள்வேன், அனுமதிக் கட்டணம் தனி.

இரண்டாமவரின் 7,800 கூடுதல்தான், ஆனால் கொள்ளை இல்லை. அதில் வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேஸ் பாய்லர் வேலைக்கு 20 சதவீதம் வாட் உண்டு, பதிவு பெற்ற கம்பெனி அதை வாங்கியே ஆக வேண்டும். 7,800-இல் வாட் மட்டும் 1,300 பவுண்டு. ஒண்டியாளாகத் தொழில் செய்பவரின் வருட வரவு 90,000 பவுண்டைத் தாண்டவில்லை என்றால் அவர் வாட் வாங்கத் தேவையில்லை, அங்கேயே உங்களுக்கு வித்தியாசம் விழும். அதே திட்டத்தை, அதாவது பின்பெட்ரூம் பாய்லர், 28 மில்லிமீட்டர் பைப் என்பதை அப்படியே வைத்து இன்னும் ஒருவரிடம் விலை கேளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு விலை இருந்தால்தான் ஒப்பிட முடியும். உங்களிடம் இப்போது இருப்பது இரண்டு வேறு வேலைகளின் விலை.

விலைப் பேச்சில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் ஓர் இடம் பாய்லரின் அளவு. பெரிய பாய்லர் வாங்கினால் வீடு நன்றாகச் சூடாகும் என்று 35 கிலோவாட்டைத் தலையில் கட்டுவார்கள். உங்கள் வீடு கடுங்குளிரில் கேட்பது நான்கைந்து கிலோவாட்தான். காம்பி பாய்லரில் கிலோவாட்டை முடிவு செய்வது குளிக்கிற வெந்நீர். 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் வெந்நீர் தரும். ஒரே குளியலறை உள்ள வீட்டுக்கு அது போதும். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து, அளவு தெரிந்த வாளியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பத்து லிட்டர்கூட நிரம்பவில்லை என்றால் எவ்வளவு பெரிய பாய்லர் மாட்டினாலும் ஷவரில் அதற்கு மேல் வராது.

இரண்டாவது மாடி என்பதால் சாரம் கட்ட வேண்டும் என்று யாராவது தனிக் காசு கேட்டால் யோசியுங்கள். உள்ளிருந்தே துளைபோட்டு, ரப்பர் வளையத்தை மடித்து வெளியே தள்ளி, அது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி ஃப்ளூவை இழுத்துப் பொருத்தும் வசதி இருக்கிறது. நான் மாடி வீடுகளில் அப்படித்தான் செய்கிறேன். துளை போடும்போது கீழே யாரும் நிற்காதபடி ஓர் ஆளை நிறுத்தினால் போதும். ஆனால் உங்கள் தளம் கான்கிரீட், பைப்பைத் தரைக்கு அடியில் மறைக்க முடியாது. சுவரோரமாக வெள்ளைப் பெட்டிக்குள் ஓடும், கண்ணுக்குத் தெரியும். மாமியாருக்குப் பிடிக்காமல் போகலாம், முன்பே சொல்லி வையுங்கள். இன்னொன்று, 1960, 70-களின் கட்டிடங்களில் சொரசொரப்பான கூரைப் பூச்சிலும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் சிலவற்றிலும் தூசியைச் சுவாசித்தால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. துளைபோடும் முன், ஹீட்டரைப் பிரிக்கும் முன், அதைப் பற்றிக் கேட்காத ஆள் வேண்டாம்.

போட்ட பணம் திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பில்லை வைத்தே பார்ப்போம். நீங்கள் எகானமி 7 திட்டத்தில் இருக்கிறீர்கள், இரவு ஏழு மணி நேரம் மலிவு. வருடத்துக்கு பகல் 5,200 யூனிட், இரவு 2,800 யூனிட். பகலுக்கு 31 பென்ஸ், இரவுக்கு 15 பென்ஸ். சமையல், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் பகலில் 2,500 யூனிட்டைக் கழித்துவிட்டால், சூட்டுக்கும் வெந்நீருக்கும் போவது பகலில் 2,700, இரவில் 2,800. காசாக 837-ம் 420-ம், மொத்தம் 1,257 பவுண்டு.

கேஸ் போட்டால் வீடு முழுக்க சூடாக வைத்துக்கொள்வீர்கள், அது நியாயம்தான், அதற்காகத்தானே இவ்வளவும். எனவே கேஸைத் தாராளமாக 7,500 யூனிட் என்று எடுக்கிறேன். 2025 கடைசி மூன்று மாதத்துக்கு, எரிசக்தி விலையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் வைத்த உச்சவரம்பில் கேஸ் யூனிட் 6.29 பென்ஸ், ஆகவே 472 பவுண்டு. கேஸ் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு 34 பென்ஸ் நிலைக்கட்டணம் உண்டு, வருடத்துக்கு 124. பலர் இதை மறந்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். பாய்லர் சர்வீஸுக்கு 100. மொத்தம் 696. மிச்சம் 561. கேஸ் வந்த பிறகு எகானமி 7 உங்களுக்குத் தேவையில்லை, ஒரே விலைத் திட்டத்துக்கு மாறினால் மற்ற 2,500 யூனிட்டும் 31-இலிருந்து 26 பென்ஸ் பக்கம் இறங்கும், அது ஒரு 125. ஆக வருடத்துக்கு 680 பவுண்டு மிஞ்சும். 6,000 போட்டால் முதல் திரும்ப ஒன்பது வருடம் ஆகும். நல்ல பாய்லரை வருடா வருடம் சர்வீஸ் செய்தால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடும். இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் நஷ்டம் இல்லை. மூன்று நான்கு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

புது கேஸ் இணைப்புக்கே இரண்டாயிரம், மூவாயிரம் சேர்கிறது என்று பதில் வந்தால், கேஸை மறந்துவிடுங்கள். இது என் தொழிலுக்கே எதிரான பேச்சுதான், இருந்தாலும் அதுதான் உண்மை. அந்தப் பணத்துக்குப் புதுவகை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் மூன்று, பொருத்துக்கூலியோடு 2,700 பவுண்டு சுமாருக்கு வாங்கலாம். இவை சூட்டை நன்றாகப் பிடித்து வைத்து, உள்ளே விசிறியோடு, நீங்கள் சொன்ன நேரத்துக்குத் திறக்கும். சூடும் வெந்நீரும் பெரும்பாலும் இரவு விலைக்கு நகர்ந்துவிடும். உங்கள் கணக்கில் வருடம் 300 பவுண்டு மிஞ்சும், முதல் திரும்ப இதற்கும் ஒன்பது வருடம்தான். சுவரில் துளை இல்லை, வருடாந்திர சர்வீஸ் இல்லை. கேஸின் சுகம் இதில் வராது, தேவைப்பட்ட நிமிடத்தில் வீடு சூடாகாது. ஆனால் பாதிக்கும் குறைவான பணத்தில் வேலை முடியும்.

ஹீட் பம்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது, நல்ல விஷயம். ஆனால் வெளியே ஒரு பெட்டியை வைக்க இடமும், அதற்கும் கவுன்சிலின் சம்மதமும், வெந்நீர் சிலிண்டருக்கு அலமாரியும் வேண்டும். உங்கள் படங்களில் பால்கனி எதுவும் தெரியவில்லை. கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்தில் இதையும் ஒரு வரி கேட்டு வையுங்கள், சில கவுன்சில்கள் இதற்கு இப்போது மனம் வைக்கின்றன.

உங்கள் தங்கைக்கு என் பதில் சுருக்கம்: வேண்டாம். அவர் இருப்பது பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய உயர்ந்த கட்டிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வசிக்கும் அதே நியூஹாமில், 1968 மே 16 அதிகாலை, ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டிடத்தின் 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. சுவர்ப் பலகை பிய்த்துக்கொண்டு போக, கட்டிடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கட்டப்பட்ட பல கட்டிடங்களிலிருந்து கேஸை எடுத்துவிட்டார்கள். தங்கையின் கட்டிடத்தில் யாருக்குமே கேஸ் இல்லை என்பது தற்செயலாக இருக்காது. அவர் ஸ்டோரேஜ் ஹீட்டரைப் புதுப்பிப்பதே வழி.

கவுன்சில் பதில் தர வாரங்கள் ஆகும். அதுவரை குழந்தை குளிரில் இருக்க வேண்டியதில்லை. ஹால் ஹீட்டரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இரண்டு திருகுகள் இருக்கின்றன, இன்புட், அவுட்புட் என்று. உங்களுடையதில் இன்புட் 2-இல் இருக்கிறது, அவுட்புட் 6-இல். அப்படியென்றால் இரவில் கொஞ்சமாகச் சூட்டை வாங்கி, வாங்கியதை விடியற்காலையிலேயே அறைக்குள் கொட்டிவிடுகிறது. மத்தியானத்துக்குள் செங்கல் ஆறிவிடும், மாலை நீங்கள் வேலை முடிந்து வரும்போது வீடு ஜில்லென்று இருக்கும், உடனே 31 பென்ஸ் விலையில் ஆயில் ஹீட்டர். உங்கள் பகல் யூனிட் ஏறியதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்புட்டை 5-க்கு ஏற்றுங்கள். படுக்கப் போகும்போது அவுட்புட்டை 1-க்கு இறக்கி, மாலை நான்கு ஐந்து மணிக்குத் திறந்து விடுங்கள்.

சூடாகாத இரண்டு பெட்ரூம் ஹீட்டர்களுக்கும் பக்கத்துச் சுவரில் தனி சுவிட்ச் இருக்கும், அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டில் பின்னால் மறைந்து, யாரோ எப்போதோ அணைத்துவிட்டுப் போன சுவிட்சை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். சுவிட்ச் சரியாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உள்ளே சூடாகும் கம்பியை, அதாவது எலிமென்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள், மாற்றுவது பெரிய செலவில்லை. வெந்நீர் சிலிண்டரின் டைமரையும் அவரே பார்க்கட்டும், அது இரவு நேரத்தில் ஓட வேண்டும். துணியை ஆயில் ஹீட்டர் மேல் காயப்போடுவதை நிறுத்துங்கள். படத்தில் பையனின் யூனிஃபார்ம் அதன் மேல் கிடக்கிறது. அது நெருப்புக்கும் ஆபத்து, அந்த ஈரம்தான் போய் அவன் அறையின் குளிர்ந்த மூலையில் பூஞ்சையாகப் படிகிறது. இருமல் தொடர்ந்தால் டாக்டரிடம் பூஞ்சையைப் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் நர்ஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், ஆளைத் தேர்ந்தெடுப்பது. கேஸ் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் கேஸ் சேஃப் என்ற பதிவேட்டில் பெயர் இருந்து, அதன் அட்டை வைத்திருக்க வேண்டும், அது சட்டம். நம் ஊர்க்காரர், கோயிலில் பார்த்த பழக்கம் என்றாலும் அட்டையைக் கேளுங்கள், நல்ல தொழில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்பக்கத்தில் படம், எண், காலாவதித் தேதி இருக்கும். பின்பக்கம் இன்னும் முக்கியம், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லர் போடக் கூடாது. அந்த எண்ணை கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ரொக்கமாகப் பாதிப் பணம் கேட்டவரிடம் அட்டையைக் கேட்டால் அவர் யாரென்று தெரிந்துவிடும். பொருள் வந்து இறங்கும் அன்று ஒரு பங்கு, வேலை முடிந்து பாய்லர் ஓடிய பிறகு மீதி என்று வங்கி வழியாகக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பாய்லர் புத்தகத்தின் பின்பக்கத்தில், பொருத்திச் சோதித்த விவரங்களை எழுதும் பெஞ்ச்மார்க் பக்கம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பொருத்தியவர் 30 நாளுக்குள் கேஸ் சேஃபுக்குத் தெரிவித்து, அவர்கள் மூலம் கட்டிட விதிச் சான்றிதழ் உங்களுக்கு வர வேண்டும். பிளாட்டை விற்கும் அன்று வக்கீல் முதலில் கேட்கும் தாள் அது. பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற, வாசனையே இல்லாத நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் கட்டாயம். அது பின்பெட்ரூம் என்பதால் இருபது முப்பது பவுண்டுக்குத் தரமானதாகவே வாங்குங்கள்.

எஸ்.ஜி.என். பதிலும் கவுன்சில் கடிதமும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மூன்றாவது ஆளின் விலைத்தாளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கிடையில் அந்த அலமாரிக்குள் கேஸ் வாசனை துளி வந்தாலும் சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

அன்புடன்,
லண்டனில் பதினெட்டு வருடமாக ஹீட்டிங் வேலை செய்யும் உங்கள் சகோதரன்